சைட்டில் ஒருவரும் விழாமல் வீடு கட்டுவது: கொழும்பில் முதல் தடவை கட்டுபவர்களுக்கு

"அவர் வெள்ளவத்தையில் வீடு கட்டுகிறார்" என்று சொல்வோம். அந்த மனிதர் ஒரு சீமெந்துக் கல்லைக்கூடத் தூக்கியிருக்க மாட்டார். வங்கிக்கும் மாநகர சபைக்கும் அலைந்திருப்பார், அவ்வளவுதான். கல் தூக்கியவரைக் கேட்டால் "அங்கே வேலை செய்கிறேன்" என்பார். காசு கொடுப்பவர்தான் கட்டுகிறவர் என்று நம் பேச்சே முடிவு செய்துவைத்திருக்கிறது. ஆனால் மேலிருந்து ஒருவர் விழுந்துவிட்டால் மட்டும், "அது கொந்தராத்துகாரரின் பொறுப்பு" என்போம்.

ஏழு பேர்ச் காணியில் இருந்த எங்கள் பழைய வீட்டை இடித்து இரண்டு மாடி கட்டத் தொடங்கியபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் பொறியியலாளர் இல்லை, கணக்காளர். அதனால் இந்த விஷயம் எனக்குக் காசுக் கணக்காகத்தான் விளங்கியது. கொந்தராத்துகாரர் எதற்குக் காசு வாங்குகிறாரோ அதைச் செய்வார். எந்தத் திகதிக்கு நெருக்கப்படுகிறாரோ அந்தத் திகதிக்கு ஓடுவார். இந்த இரண்டையும் தீர்மானிப்பவர் வீட்டுக்காரர்.

பிரித்தானியாவில் 1994இல் வந்த ஒழுங்குவிதிகள் கட்டுவிப்பவர் மேலேயே பாதுகாப்புக் கடமையைச் சுமத்தின. 2007இலும் 2015இலும் அவற்றைத் திருத்தி எழுதினார்கள். இங்கே நம்மிடம் இருப்பவை 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும். இரண்டும் பெரும்பாலும் வேலையை எடுத்துச் செய்பவரையும் ஆள் அமர்த்தியவரையும் பார்த்துத்தான் பேசுகின்றன. தொழில் திணைக்களத்தின் பரிசோதகர் தெஹிவளையிலிருந்து மட்டக்குளி வரை ஒவ்வொரு ஒழுங்கைக்குள்ளும் வந்து எட்டிப் பார்ப்பார் என்று எதிர்பார்க்கவும் முடியாது. ஆகவே சட்டம் விட்ட இடத்தை உடன்படிக்கையால் நிரப்ப வேண்டியவர் நீங்கள்தான்.

முதலில்: ஆள் பிடிப்பதற்கு முன்

கொழும்பில் வீட்டு வேலை இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, சாமானும் கூலியும் சேர்த்து முழுக் கொந்தராத்து. மற்றது, சாமான் நாங்கள் வாங்கிக் கொடுக்க, மேசன் பாஸ் ஆட்களைக் கூட்டிவந்து சதுர அடிக் கணக்கிலோ நாள் கூலிக்கோ செய்வது. இரண்டாவது மலிவாகத் தெரியும். ஆனால் கூலியை உங்கள் கையால் நேரே எண்ணிக் கொடுத்தால், ஏதாவது நடந்த அன்று "ஆளை வைத்தவர் யார்?" என்ற கேள்வி உங்கள் வாசலுக்குத்தான் வரும். மலிவில் அந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

கொந்தராத்துகாரர் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையில், எல்லோரும் சொல்லும் "சீடா"வில், பதிந்தவரா என்று கேளுங்கள். அவர்களின் தரவரிசையில் சீ9 கீழே இருக்கிறது. எண் குறையக் குறைய வேலை பெரிதாகும். சீஎஸ்1, சீஎஸ்2 எல்லாம் அதற்கும் மேல், நமக்குத் தேவைப்படாதவை. பதிவு இருந்தால் ஆள் கவனமானவர் என்று அர்த்தமில்லை. தேடிப் பிடிக்கக்கூடிய ஆள் என்று மட்டும் அர்த்தம்.

ஆளைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. "இப்போது எங்கே வேலை நடக்கிறது?" என்று கேட்டு முகவரியை வாங்குங்கள். வருவதாகச் சொல்லாமல், ஒரு வேலை நாளில் காலை பத்தரைக்குப் போங்கள். கட்டிய சுவரைப் பார்க்க வேண்டாம், அதை எல்லோரும் பார்க்கிறார்கள். கால்களைப் பாருங்கள்: சப்பாத்தா, பாட்டாவா, வெறுங்காலா? வயர் எங்கே ஓடுகிறது, தண்ணீருக்குள்ளா? மேல் மாடி விளிம்பில் ஏதாவது தடுப்பு இருக்கிறதா? படிக்கட்டுக்காக விட்ட ஓட்டை மூடியிருக்கிறதா? ஆட்கள் மலசலகூடத்துக்கு எங்கே போகிறார்கள்? இந்த ஐந்தையும் பார்த்து முடிக்கக் கால் மணித்தியாலம் ஆகாது. எங்களுக்கு மூன்று பேர் விலை தந்தார்கள். நல்ல சட்டையோடு வந்து நன்றாகப் பேசியவரின் சைட்டில்தான் கம்பி கட்டுகிறவர் வெறுங்காலோடு நின்றார்.

விலைப் பட்டியலில் தனி வரி

பீ.ஓ.கியூ. என்று நீங்கள் கேள்விப்படும் அளவுப் பட்டியலில் மண் வெட்டுவது, கல் கட்டுவது, பூசுவது என்று ஒவ்வொன்றுக்கும் வரி இருக்கும். பாதுகாப்பு என்றால் "கொந்தராத்துகாரர் எல்லாப் பாதுகாப்பு ஏற்பாடுகளையும் செய்ய வேண்டும்" என்ற ஒரே வசனம், பக்கத்தில் வெறுமை. வெறுமைக்கு யாரும் உயரத்தில் ஏறி நின்று வேலை செய்யும் சாரம் வாங்க மாட்டார்கள். மூன்று பேர் விலைக்குப் போட்டி போடும்போது ஒருவர் நல்ல இரும்புக் குழாய்ச் சாரத்துக்குக் கணக்குப் போட்டிருப்பார். இன்னொருவர் கமுகு மரத்தில் கட்டலாம் என்று விட்டிருப்பார். நீங்கள் குறைந்த விலையைத் தெரிவு செய்தால் கமுகு மரத்தைத் தெரிவு செய்துவிட்டீர்கள்.

(இந்த "சாரம்" என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். உடுக்கும் சாரமும் ஏறும் சாரமும் நமக்கு ஒரே சொல். "சாரத்தோடு சாரத்தில் ஏறாதே" என்று சைட்டை மேற்பார்க்கும் எங்கள் ஓவசியர் கத்தியபோது எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. உடுத்த சாரம் குழாயில் மாட்டி ஒருவர் விழுந்ததைப் பார்த்தவராம்.)

ஆகவே ஒரு கியூ.எஸ். (அளவும் செலவும் கணக்கிடுபவர்) மூலம் இவற்றைத் தனித்தனி வரிகளாகப் போடுங்கள், எல்லோரிடமும் இதே வரிகளுக்கே விலை கேளுங்கள்: சாரமும் அதன் கைப்பிடித் தடுப்பும், விளிம்புத் தடுப்பு, வீதிப் பக்க வலையும் தகர வேலியும், ட்ரிப் சுவிட்ச் (மின் கசிந்தால் தானாகவே மின்சாரத்தை நிறுத்துவது) போட்ட தற்காலிக மின்பலகை, சப்பாத்தும் ஹெல்மட்டும் கையுறையும், குழிக்கு முட்டு, மலசலகூடம், குடிதண்ணீர், முதலுதவிப் பெட்டி. பிறகு கொடுப்பனவையும் அதனுடன் கட்டுங்கள். பொருள் சைட்டில் நின்றால் அந்த வரிக்குக் காசு, இல்லையென்றால் இல்லை. இந்த வரிகளில் விலைக்கழிவு பேசவே வேண்டாம். பேரம் பேச டைல்ஸ் இருக்கிறது, கதவுப் பிடி இருக்கிறது.

உடன்படிக்கையில் இன்னுமொரு வசனம்: ஆபத்து என்று கண்டால் வேலையை நிறுத்தப் பொறியியலாளருக்கும் ஓவசியருக்கும் உங்களுக்கும் உரிமை உண்டு, அப்படி நிறுத்திய அரை நாளுக்கும் கூலி வெட்டப்படாது. பின் பாதி இல்லாமல் முன் பாதி ஓடாது. நாள் கூலிக்கு மட்டக்களப்பிலிருந்தும் ஹட்டனிலிருந்தும் வந்து தங்கியிருப்பவருக்கு, வேலை நின்றால் அன்றைய காசு நின்றது. அவர் ஏன் "இது ஆபத்து" என்று வாய் திறக்கப் போகிறார்?

காகிதங்கள்

பிளானுக்கு மாநகர சபை அனுமதி எடுப்பது எப்படி என்று உங்கள் வரைஞரே சொல்வார். அதை விடுகிறேன். ஆனால் அனுமதி கிடைத்த பிளானுக்கு மேல் "இன்னுமொரு மாடி சும்மா போட்டுவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதம் வெள்ளவத்தையில் ஒரு பல மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்ததை இந்தப் பக்கத்தில் ஒருவரும் மறக்கவில்லை.

காப்புறுதி இரண்டு வேண்டும். ஒன்று வேலையையும் பக்கத்து வீட்டுச் சேதத்தையும் மூடுவது, மற்றது வேலையாட்களின் நட்டஈட்டுக்கு. "இருக்கிறது சேர்" என்ற பதில் போதாது. பத்திரத்தைக் கையில் வாங்கி மூன்று இடம் பாருங்கள்: உங்கள் சைட் முகவரி இருக்கிறதா, முடிவுத் திகதி வேலை முடியும் திகதிக்குப் பிந்தியதா, எத்தனை ஆட்களுக்கு? எங்களுக்குக் காட்டிய முதல் பத்திரம் நான்கு மாதம் முன்பே காலாவதியானது. கேட்டபோது கொந்தராத்துகாரருக்கே ஆச்சரியம், அல்லது அப்படி முகத்தை வைத்துக்கொண்டார்.

பக்கத்து வீடு ஒட்டி இருந்தால், தோண்டுவதற்கு முன் அவர்களின் சுவரில் உள்ள வெடிப்புகளைப் பதிவு செய்யுங்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் இதைக் கட்டணத்துக்குச் செய்கிறது. சிறிய வேலையென்றால் பொறியியலாளரை வைத்துப் படம் எடுத்து இரு பக்கமும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

இடிப்பதும் தோண்டுவதும்

பழைய வீட்டின் கூரையில் அஸ்பெஸ்டஸ் சீற் இருந்தால், சுத்தியலால் அடித்து உடைத்துக் கீழே தள்ளுவதுதான் வழக்கம். அதை அனுமதிக்காதீர்கள். தண்ணீர் அடித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுச் சீற்றாக இறக்க வேண்டும். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. நோய் தெரியப் பல வருடம் ஆகும். அப்போது அந்த மனிதர் உங்கள் வீட்டை இடித்தவர் என்று ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

தோண்டுவதற்கு நல்ல காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதம் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும், ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. கடற்கரைப் பக்க ஒழுங்கைகளிலும் கால்வாய் ஓரத்திலும் சில அடியிலேயே தண்ணீர் ஊறும். ஒரு கன மீற்றர் ஈர மண் ஒன்றரை தொன்னுக்குக் குறையாது, ஒரு காரின் எடை. நாலடி ஆழத்துக்கு மேல் போனால் பக்கத்தைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகை அடித்து முட்டுக் கொடுக்க வேண்டும். ஏழு பேர்ச்சில் சரிவாக வெட்ட இடம் ஏது? எனவே முட்டுத்தான். வெட்டிய மண்ணைக் குழி விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. பக்கத்து மதிலின் அடியில் முழு நீளத்துக்கும் ஒரே நாளில் தோண்டவும் கூடாது.

தண்ணீர்த் தொட்டிக்கும் மலக்குழிக்கும் ஒரு தனி எச்சரிக்கை. கொங்கிறீட் போட்டு மூடிய தொட்டிக்குள் பலகை கழற்றவோ தார்ப்பூச்சு அடிக்கவோ ஒருவரைத் தனியாக இறக்காதீர்கள். உள்ளே மூச்சுக்குக் காற்று இல்லாமல் போகலாம். முதலில் மூடியைத் திறந்து காற்று ஊத வேண்டும், மேலே ஒருவர் கயிற்றோடு நிற்க வேண்டும். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற அப்படியே குதிப்பவர்தான் இரண்டாவது ஆளாகச் சாகிறார்.

மின்சாரம்

இரண்டாவது மாதம், ஒரு மழை விட்ட காலை. கையாளாக இருந்த பையன் கிரைண்டரால் கம்பி வெட்டிக்கொண்டிருந்தான். கிரைண்டர் வயரின் நுனியில் பிளக் இல்லை. இரண்டு வெறும் வயர்களையும் சொக்கெட் ஓட்டைக்குள் விட்டு, தீக்குச்சியால் இறுக்கியிருந்தார்கள். வயரின் நடுவில் டேப் சுற்றிய ஒரு மூட்டு, அது கிடந்தது சேற்றுத் தண்ணீரில். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே "டக்" என்று எல்லாம் நின்றது. பையன் கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தான். "பிளக் இல்லை ஐயா, பாஸ் இப்படித்தான் செய்யச் சொன்னார்."

நின்றதற்குக் காரணம் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். பட்டியலில் அந்த வரியைச் சேர்த்தது நானில்லை, கியூ.எஸ். அதை வெட்டிவிடலாமா என்று நான் கேட்டிருந்தேன். அதன் விலை, ஒரு குடும்பம் காலி வீதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் போய்வரும் செலவு.

ஆகவே மீற்றரிலிருந்து வரும் முதல் வயரிலேயே அது இருக்க வேண்டும். அதிலுள்ள பரிசோதனைப் பொத்தானைக் கிழமைக்கு ஒரு தடவை நீங்களே அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். பத்துப் பிளக் வாங்கி ஓவசியரிடம் கொடுத்துவையுங்கள். வீதி மின்கம்பி உங்கள் மேல் மாடிக்குக் கிட்ட ஓடினால், சாரம் கட்டுவதற்கு முன்பே மின்சார அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். இருபதடிக் கம்பியை மேலே நிமிர்த்தும்போது அது எங்கே போய்த் தொடும் என்று தூக்குகிறவருக்குத் தெரியாது.

உயரமும் சிலாப்பும்

ஹெல்மட் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பத்து வாங்கிக் கொடுத்தேன். ஒரு கிழமையில் ஒன்றில் ஆணி இருந்தது, ஒன்றின் மேல் ஒருவர் இருந்து தேநீர் குடித்தார். பிறகு, ஓவசியரும் நானும் போடாமல் உள்ளே போவதில்லை என்று வைத்துக்கொண்டோம், அதற்குப் பிறகு கொஞ்சம் மாறியது. ஆனால் மேலிருந்து விழுகிறவரை ஹெல்மட் தடுக்காது. தடுப்பது விளிம்பில் உள்ள கம்பி: இடுப்புக்குச் சற்று மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கல் உருண்டு விழாமல் அடியில் ஒரு பலகை. படிக்கட்டு ஓட்டையைப் பலகையால் மூடி ஆணி அடிக்க வேண்டும், சும்மா வைத்த பலகையை யாரோ தூக்கிக்கொண்டு போவார். ஏணியின் கால், நாலடி உயரத்துக்கு ஓரடி வெளியே. தலை, ஏறும் தளத்துக்கு மேல் மூன்றடி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், மேலே கட்டியும் இருக்க வேண்டும்.

சிலாப் போடும் நாளைத்தான் நீங்கள் உண்மையாகப் பயந்து பார்க்க வேண்டும். பத்தடிக்குப் பத்தடி அறைக்கு ஐந்தங்குல சிலாப் என்றால், ஈரக் கொங்கிறீட் மட்டும் ஏறக்குறைய 2,800 கிலோ. மேலே நிற்கும் ஆட்கள், கம்பி, இயந்திரம் எல்லாம் தனி. இவ்வளவையும் தாங்குவது கீழே நிற்கும் முட்டுகள். முதல் நாள் பின்னேரம் பொறியியலாளரோடு குனிந்து கீழே போய்ப் பாருங்கள். முட்டு நேராக நிற்கிறதா? அடியில் பலகை இருக்கிறதா, அல்லது இரண்டு கல்லை அடுக்கி உயரம் சரிசெய்திருக்கிறார்களா? முட்டுக்கு முட்டு குறுக்குக் கட்டு இருக்கிறதா? கொங்கிறீட் ஊற்றும்போது கீழே ஒருவரும் நிற்கக் கூடாது, தேநீர் கொண்டுவரும் வீட்டு ஆட்களும்தான். பொறியியலாளர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிக்ஸர் லொறிக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். லொறி வாசலில் நின்று சுற்றும்போது யாருக்கும் "இல்லை" என்று சொல்ல வராது.

உங்கள் அவசரம்

நான் செய்த பெரிய பிழை இதுதான். சாத்திரியார் குடிபூரலுக்கு ஒரு நாள் குறித்தார். கனடாவிலிருந்து தங்கை குடும்பம் ரிக்கெட்டும் போட்டுவிட்டது. மேல் சிலாப் போட்டு ஒன்பதாம் நாள், "முட்டுகளைக் கழற்றினால் கீழே பூச்சு வேலை தொடங்கலாமே" என்று மேசன் பாஸிடம் நானே சொன்னேன். அவர் மறுக்கவில்லை. காசு கொடுப்பவன் சொல்வதை அவர் ஏன் மறுக்கிறார்? அடுத்த நாள் காலை கழற்றத் தொடங்கிவிட்டார்கள். தற்செயலாக வந்த பொறியியலாளர் கத்திய கத்தல் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. கழற்றிய நாலு முட்டுகளையும் அப்போதே திரும்பப் போட்டார்கள்.

வீட்டுச் சிலாப்புக்கு 14 நாள், நீளமான பீமுக்கு 21 நாள் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. உங்கள் கட்டிடத்துக்கு எத்தனை என்று பொறியியலாளர் எழுதித் தரட்டும், அந்தத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். குடிபூரல் நாளை, பூச்சு முடிந்து நிறம் அடிக்கத் தொடங்கிய பிறகு குறித்தால் போதும். இருட்டிய பிறகு வேலை, போயா தினத்திலும் வேலை என்று கேட்கத் தோன்றினால், யாருக்காக அந்த ஓட்டம் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

கொடுப்பனவு பிந்தினாலும் இதே விளைவுதான். உங்கள் காசு இரண்டு கிழமை பிந்தினால் கொந்தராத்துகாரர் முதலில் திருப்பி அனுப்புவது வாடகைச் சாரத்தைத்தான்.

நாளாந்தம்

கிழமைக்கு இரண்டு தடவை போங்கள். ஒன்று சொல்லிவிட்டு, ஒன்று சொல்லாமல். குறை கண்டால் ஓவசியரிடமோ பாஸிடமோ சொல்லுங்கள். நேரே ஆட்களை ஏவினால் பாஸின் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். உயிர் போகிற விஷயமென்றால் மட்டும் யாரென்று பார்க்காமல் கத்துங்கள். கண்டதை ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி போட்டு எழுதி, அடுத்த தடவை அதையே முதலில் பாருங்கள்.

மொழி ஒரு உண்மையான பிரச்சினை. எங்கள் சைட்டில் மேசன்மார் தமிழ், கம்பி கட்டுகிறவர்கள் சிங்களம். "விடு" என்று ஒருவர் மேலிருந்து கத்தினால் கீழே நிற்பவருக்கு விளங்க வேண்டுமே. திங்கட்கிழமை காலை ஐந்து நிமிடம், அன்றைய வேலையில் எது ஆபத்து என்று இரண்டு மொழியிலும் சொல்ல ஓவசியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது ஆகாத பையன் யாராவது "மாமாவுடன் வந்தேன்" என்று நின்றால் திருப்பி அனுப்புங்கள். இப்படியான ஆபத்தான வேலைக்கு அந்த வயதில் ஆள் வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

அப்புறம் டெங்கு. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போடலாம், கட்டிட வேலை நடக்கும் இடங்களுக்கு அவர்கள் அடிக்கடி வருகிறார்கள். சிலாப்பைப் பதப்படுத்தத் தேக்கும் தண்ணீரே நுளம்புக்குத் தொட்டில். முட்டை நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். தேக்குவதற்குப் பதிலாக ஈரச் சாக்கு விரிக்கலாம், அல்லது ஒவ்வொரு ஞாயிறும் தண்ணீரை வடித்து மாற்றலாம். தொட்டி, பீப்பா, வெறும் பெயின்ற் வாளி எல்லாம் அன்றே பார்க்க வேண்டும்.

நடந்துவிட்டால்

விழுந்தவரைத் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்ற எல்லோரும் ஓடுவார்கள். முதுகிலோ கழுத்திலோ அடியென்றால் அசைக்க விடாதீர்கள். 1990 அழையுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். மின்சாரம் தாக்கியிருந்தால் முதலில் பிரதான சுவிட்சை நிறுத்துங்கள், அதற்கு முன் ஆளைத் தொடக் கூடாது. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் விபத்துக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

பிறகு இடத்தை அப்படியே விட்டுப் படம் எடுங்கள். உயிர் போன விபத்தையும், மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் செய்த விபத்தையும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின்படி தொழில் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். கொந்தராத்துகாரர் அறிவித்ததற்கான பிரதியைக் கேட்டு வாங்குங்கள். "வீட்டாரோடு பேசிச் சமாளித்துவிட்டேன்" என்பதை ஏற்காதீர்கள். ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊரில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற தொலைபேசி இலக்கம் மூன்றும் உள்ள இடாப்பு முதல் நாளிலிருந்தே சைட்டில் இருந்திருந்தால்தான் இந்த நேரத்தில் பயன்படும்.

வேலியில் வீட்டு இலக்கத்தைப் பெரிதாக, மூன்று மொழியிலும் எழுதி, கிட்ட உள்ள கோயிலையோ சந்தியையோ அடையாளமாகச் சேர்த்துத் தொங்கவிடுங்கள். எங்கள் ஒழுங்கையில் 14க்குப் பிறகு 22 வருகிறது, 16 அடுத்த குறுக்கு ஒழுங்கைக்குள். அம்பியூலன்ஸ் சாரதிக்கு அது தெரியாது. ஒருவரைச் சந்திக்கு அனுப்பி, கையைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள்.